நானூறு மீட்டர் நடந்த கம்பம்

அத்தியாயம் 6

"அரசாங்கம் நட்ட கம்பம் இவ்வளவு நேரா நிக்காதே அண்ணா" என்றாள் லதா.

காலை எட்டரை மணி. மாமல்லபுரத்துக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில், சிப்பிக்குப்பம் பேருந்து நிறுத்தக் கம்பத்தின் எதிரே துப்பறியும் லதா இடுப்பில் கை வைத்து நின்றிருந்தாள். பக்கத்தில் அவளுடைய உதவியாளர் பெஞ்சமின். இருபத்தாறு வருஷம் கண்டக்டராக இருந்து, விருப்ப ஓய்வு வாங்கி, இப்போது லதாவின் ஸ்கூட்டரில் பின்சீட்டுப் பயணியாக வாழ்கிறவர். அவர் தம் சர்வீஸில் சாய்ந்த கம்பம், வளைந்த கம்பம், சுவரொட்டியின் பலத்தில் மட்டும் நின்ற கம்பம் எல்லாம் பார்த்திருக்கிறார். இந்தக் கம்பமோ தூக்குக்குண்டு பிடித்து நட்டதுபோல நின்றது.

"நேரா நிக்கிறது ஒரு குத்தமா மேடம்? அதுக்கும் சார்ஜ் ஷீட் குடுத்துருவானுங்க" என்றார் பெஞ்சமின்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மாலை நான்கு மணிக்கு விசாரணை. அதில் ஞானதாஸின் வேலை போய்விடும்.

வழக்கு இதுதான். பன்னிரண்டு நாளுக்கு முன்னால், சாயங்காலம் ஐந்து நாற்பது வண்டியிலிருந்து ஆதியம்மாள் என்ற மீன்காரம்மா சிப்பிக்குப்பத்தில் இறங்கினாள். காலிக் கூடையோடு சாலையைக் கடக்கும்போது வளைவில் வந்த கார் ஒன்று அடித்தது. கார் நிற்கவில்லை. ஆதியம்மாள் பிழைக்கவில்லை. காரைப் பிடிக்க முடியாத உலகம், அங்கேயே நின்றிருந்த பஸ்ஸைப் பிடித்தது. பஸ்ஸை ஓட்டியவர் ஞானதாஸ். 'நிறுத்தம் இல்லாத இடத்தில் பேருந்தை நிறுத்திப் பயணியை இறக்கினார்' என்று அவரைப் பணியிடை நீக்கம் செய்தார்கள். 'நிறுத்தக் கம்பம் 48/6 கிலோமீட்டர் கல்லருகே, தெருவிளக்கும் இரும்புத் தடுப்பும் உள்ள நேர்ச்சாலையில் உள்ளது. ஓட்டுநர் இறக்கியதோ அதைத் தாண்டி நானூறு மீட்டரில், 48/2 கல்லருகே, வளைவில். மூன்றாம் நாள் எடுத்த புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது.'

ஞானதாஸ் சொன்னது வேறு. "பத்தொம்போது வருஷமா கம்பம் வளைவுலதான்டா கீது பெஞ்சு. உனக்கே தெரியுமே."

பெஞ்சமினுக்குத் தெரியும். பதினோரு வருஷம் அதே வழித்தடத்தில் ஞானதாஸுக்கு விசில் ஊதியவர் அவர்தான். ஆனால் சிநேகிதன் சொல்வது சாட்சி ஆகாதாம். இப்போதைய கண்டக்டர் தற்காலிகம். கொடுத்த தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டான். டிக்கெட் மெஷினில் ஊர்ப் பெயர் உண்டு, இடம் கிடையாது. செல்போன் வரைபடத்தில் தெருப் படம் பார்த்தால், வளைவில் கம்பம் இருக்க வேண்டிய இடத்தை ஒரு தண்ணீர் லாரி மறைத்துக்கொண்டு நிற்கிறது. மூன்று வருஷமாக நிற்கிறது. குப்பத்தில் தினம் அறுபது பேர் அந்த நிறுத்தத்தில் ஏறி இறங்குகிறார்கள். கம்பம் முன்னே எங்கே இருந்தது என்று கேட்டால் அறுபது பேரும் ஒத்திகை பார்த்தவர்கள்போல "தெரியாது" என்றார்கள்.

ஞானதாஸின் அப்பா திருக்கழுக்குன்றம் பக்கம் அடுத்தவன் நிலத்தில் நாற்று நட்டே செத்தவர். அந்த வம்சத்தில் அரசாங்கச் சட்டை போட்ட முதல் ஆள் ஞானதாஸ். வேலைக்குப் போக முடியாத இந்தப் பன்னிரண்டு நாளும் காலையில் எழுந்து காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டிவிட்டு, அதன் எதிரே உட்கார்ந்திருக்கிறாராம். அவர் மனைவி ஜெபா போனில் சொன்னபோது பெஞ்சமின், "சட்டையாவது டூட்டில கீதே" என்று ஒரு ஜோக் சொல்லிப் பார்த்தார். அந்தப் பக்கம் போன் அமைதியாக வைக்கப்பட்டது.

"ரிசார்ட்டுக்காரன் வேலைதான் மேடம்" என்றார் இப்போது. "பழைய கம்பம் இருந்தது அவன் கேட்டு வாசலாண்ட. மீன் கூடை வந்து நின்னா உள்ள நீச்சல் குளத்துல குளிக்கிறவனுக்கு மூக்கு நோவுதாம். கம்பத்தப் புடுங்கி இங்க நட்டுட்டு, அந்தக் குழி மேல பூந்தொட்டி வச்சுட்டான்."

"பூந்தொட்டிய நானும் பாத்தேன். காவலாளிகிட்டயும் கேட்டேன். 'காலியாக் கெடந்துச்சு, வச்சோம்'னான்."

"நம்புறீங்களா?"

"காலியாக் கெடக்குற இடத்துல எதையாவது வைக்கிறது நம்ம ஊர்ல பொய் சொல்ற அளவுக்குப் பெரிய விஷயம் இல்லண்ணா." லதா கம்பத்தைச் சுற்றி வந்தாள். "கடல் எந்தப் பக்கம்?"

"கிழக்கால. நேத்து வரைக்கும் அங்கதான் இருந்துச்சு. அதையும் யாராவது மாத்திட்டாங்களா?"

"துரு எந்தப் பக்கம்?"

பெஞ்சமின் பார்த்தார். உப்புக்காற்று பத்தொன்பது வருஷம் தின்ற பக்கம் செதில் செதிலாக மேற்கே பார்த்து நின்றது. கடலைப் பார்த்த பக்கம் மஞ்சள் பெயின்ட் மழமழவென்று இருந்தது.

"திருப்பி நட்டிருக்காங்க" என்றாள் லதா. "தகரத்துல ரெண்டு பக்கமும் ஊர்ப் பேர் எழுதியிருக்கறதால யாருக்கும் வித்தியாசம் தெரியல. கம்பம் இடம் மாறினது நிச்சயம். யாரு, எப்போங்கறதுதான் பாக்கி."

ஸ்கூட்டர் ஸ்க்ரூடிரைவரால் அடி மண்ணைக் கிளறினாள். சிமென்ட் இல்லை. மேலே கருங்கல், அதன் கீழே சிப்பி ஓடு, அதற்கும் கீழே நீல நைலான் இழை ஒன்று நுனி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தாள். வரவில்லை.

"கடலோரத்துல தோண்டினா இதெல்லாந்தான் வரும் மேடம். டைனோசர் வந்தாதான் அதிசயம்."

லதா மண்ணை மூடிவிட்டு எழுந்தாள். "வாங்க. ஆணையம் தானே மாத்திச்சான்னு முதல்ல கேட்டுடுவோம்."

"ஆணையமா?" பெஞ்சமின் வானத்தைப் பார்த்தார். "நாஸ்தாவ முடிச்சுட்டுப் போலாம். உள்ள போனா எப்ப வருவோம்னு கர்த்தருக்கே தெரியாது."

செங்கல்பட்டில் ஐந்து மாடியில் இருக்கிறது கரையோரப் போக்குவரத்து ஆணையத்தின் மண்டல அலுவலகம். முன்பு சாலைக்கு ஓர் அலுவலகம், பஸ்ஸுக்கு ஓர் அலுவலகம், பலகைக்கு ஒன்று, நிலத்துக்கு ஒன்று, படகுக்கு ஒன்று என்று தனித்தனியாக இருந்தன. மக்கள் அலைகிறார்கள் என்று மனம் இரங்கி, எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார்கள். கூரை ஒன்றானது. மக்கள் முன்பு ஊருக்குள் அலைந்தார்கள், இப்போது படியில் அலைகிறார்கள். லிஃப்ட் உண்டு. அது எந்தப் பிரிவின் பொறுப்பு என்று முடிவாகும் வரை ஓடாது.

முதல் மாடி, சாலைப் பிரிவு. "தார் எங்களுது. தார் முடிஞ்சதும் எங்க எல்லை முடிஞ்சுது. கம்பம் மண்ணுல நிக்குது பாருங்க."

இரண்டாம் மாடி, நிலப் பிரிவு. "மண் எங்களுது. மண்ணுக்கு உள்ள போற இரும்பு எங்களுது இல்ல."

மூன்றாம் மாடி, பேருந்துப் பிரிவு. "பஸ் எங்க நிக்கணும்னு நாங்க சொல்லுவோம். ஆனா எங்க நிக்குதுன்னு கம்பம் நட்டவங்களத்தான் கேக்கணும்."

நான்காம் மாடியில் படகுப் பிரிவு. முட்டுக்காட்டுப் படகுகளைப் பார்த்துக்கொள்கிற அந்த அறையில் மட்டும் யாரும் எதையும் மறுக்கவில்லை. அங்கே யாரும் இல்லை.

ஐந்தாம் மாடி, குறியீட்டுப் பிரிவு. கரையோரத்தில் உள்ள எல்லாப் பலகைக்கும் கம்பத்துக்கும் தாய்வீடு. மேஜைக்குப் பின்னால் ஓர் அம்மாள் கோப்புக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்ற பெஞ்சமினைப் பார்த்து அவளே மின்விசிறியைத் தட்டி விட்டாள்.

"சிப்பிக்குப்பம் கம்பத்த நீங்க மாத்தினீங்களாம்மா?"

"நாங்களா? ஒரு கம்பத்த நகத்த ஒன்பது கையெழுத்து வேணும் சார். நான் வந்து எட்டு வருஷம் ஆவுது. ஒரு கம்பமும் நகரல."

"அப்போ ஊர்க்காரங்க மாத்தச் சொல்லி மனு குடுத்தா?" என்றாள் லதா.

"மனு வந்தா பதில் போகும். பதில் போயிட்டா மனு முடிஞ்சுது. நகல இங்க வைப்போம்." அலமாரியைத் திறந்து காட்டினாள். கரையான் புற்று ஒன்று, மேல்தட்டிலிருந்து கீழ்த்தட்டு வரைக்கும், அந்தக் கட்டடத்திலேயே ஒழுங்காக நடக்கும் ஒரே பிரிவுபோல இயங்கிக்கொண்டிருந்தது. "அந்தக் குப்பத்துலேந்துகூட ஒரு அம்மா வருஷா வருஷம் வரும். வளைவுல கம்பம் நிக்குது, ஆளுங்க அடிபடுது, விளக்குக் கம்பத்தாண்ட மாத்திக் குடுங்கன்னு. கூடைய வாசல்ல வச்சுட்டு வரச் சொல்லுவேன், பாவம், வச்சுட்டுத்தான் வரும். மாடி ஏறி வர்றதுக்குள்ள நெஞ்சப் புடிச்சுக்கும்."

"அந்தம்மா பேரு?"

"ஆதியம்மாளோ என்னமோ. பதிலக் கையில குடுத்துடுவேன். தபால் செலவு மிச்சம். இந்த வருஷம் பதில் வாங்கிட்டுப் போச்சு, ஆறு வாரம் இருக்கும். இனி அடுத்த வருஷந்தான் வரும்."

பெஞ்சமின் மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனிமே வர மாட்டாங்கம்மா" என்றாள் லதா. படி இறங்கத் தொடங்கினாள்.

திருக்கழுக்குன்றத்தில், மலையடிவார டீக்கடையில் ஸ்கூட்டரை நிறுத்தினாள். கழுகு பார்க்க வந்த வெளியூர்க் குடும்பம் ஒன்று அண்ணாந்து நின்றது.

"கழுகு வர்றத நிறுத்தி வருஷக்கணக்காவுது" என்றார் பெஞ்சமின். "போர்டு மட்டும் கீது. எங்க ஆணையத்துல சொன்னா கழுகுக்கும் நேர அட்டவணை போட்டுக் குடுப்பானுங்க." டீயை ஒரு மிடறு குடித்தார். "மணி பன்னெண்டு மேடம். நாலு மணிக்கு நம்மாள முடிச்சுடுவானுங்க. ரிசார்ட்டுக்குப் போயி அவன் சட்டையப் புடிப்போமா?"

"ரிசார்ட்டுக்காரன் கம்பத்தப் புடுங்கினா என்ன பண்ணுவான்?"

"பழைய இரும்புக்குப் போடுவான்."

"சரி, மனசு வந்து திருப்பி நடுறான்னே வைங்க. யார விட்டு நடுவான்?"

"மேஸ்திரிய. ரெண்டு சட்டி சிமென்ட் போட்டு..." பெஞ்சமின் நிறுத்தினார்.

"சிமென்ட் இல்ல. ஆணையம் நட்டா சாஞ்சிருக்கும், விடுதி நட்டா சிமென்ட் இருக்கும். இது ரெண்டும் இல்ல. அதவிட முக்கியமா எங்க நட்டிருக்காங்க பாருங்க. தெருவிளக்குக்குக் கீழ. இரும்புத் தடுப்புப் பக்கத்துல. வளைவு இல்லாத நேர்ச்சாலையில. அந்த இடத்துல எறங்குறவங்க உசுரு மேல அக்கறை இருக்கிறவங்க செஞ்ச வேலைண்ணா இது."

"அப்போ சத்தியமா ஆணையம் கிடையாது" என்றார் பெஞ்சமின். டீ கிளாஸை வைத்தார். நீல நைலான் இழை அவருக்கு அப்போதுதான் வலையாகத் தெரிந்தது. "அய்யோ. அறுபது பேரும் தெரியாதுன்னு சொன்னானுங்களே மேடம்."

"ஒருத்தன் தெரியாதுன்னா தெரியாதுன்னு அர்த்தம். அறுபது பேரும் தெரியாதுன்னா கூடிப் பேசியிருக்காங்கன்னு அர்த்தம்."

சிப்பிக்குப்பத்துக் கரையில் படகுகளைக் கட்டிவைக்கும் முளைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் தூக்குக்குண்டு பிடித்த நேர். ஒரு முளையின் அடியில் மணலைக் காலால் விலக்கினாள் லதா. கருங்கல். அடியில் சிப்பி. அதற்கும் அடியில் கிழிந்த நீல வலை, முளையைச் சுற்றி இறுக்கி. கரைமணலில் சிமென்ட் நிற்காது. வலையும் சிப்பியும்தான் பிடிக்கும். இது கடலோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு மட்டும் தெரிந்த கணக்கு.

படகு நிழலில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார் பக்தவச்சலம். ஆதியம்மாளின் புருஷன். பன்னிரண்டு நாள் தாடி.

"போன வாட்டியே சொன்னனே. எனுக்கு ஒண்ணியும் தெரியாது" என்றார் நிமிராமல்.

"கேக்க வரலண்ணா. சொல்ல வந்தேன்" என்றாள் லதா. "அக்காவ எடுத்த மறுநாள் காலைல பாலு தெளிக்கப் போனீங்க. சாவு விழுந்தா கடலுக்குப் போறதில்ல, ஆம்பளைங்க எல்லாரும் கரையில இருந்தீங்க. பாலு தெளிச்சுட்டுத் திரும்பும்போது அந்த வளைவு வழியாத்தான் வரணும். கம்பம் அங்க நின்னுச்சு."

வலை ஊசி நின்றது.

"படகு தூக்குற கைங்க. ஒரு கம்பம் என்ன பெரிய பாரம்?"

பக்தவச்சலம் ஊசியை வலையில் குத்தி வைத்தார். "யாரும் தூக்கல" என்றார். "ஊரு தூக்குச்சு. எங்காண்ட ஆளு பேர் சொல்ற பழக்கம் இல்ல. ஒம்போது வருஷம் மாடி ஏறினா. இன்னும் ஒருத்தி சாவணுமான்னு ஊரு நெனச்சுது. முக்கா மணி நேரம். அவ்ளோதான் ஆச்சு."

"ஒம்போது கையெழுத்து மிச்சம்" என்றார் பெஞ்சமின், பழக்க தோஷத்தில். சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பக்தவச்சலம் கோபித்துக்கொள்ளவில்லை. "மூணா நாளு கேமராவோட வந்தானுங்க. கவருமென்ட்டு சொத்து, கேஸு போடுவான்னு ஊரு பயந்துச்சு. கேட்டா தெரியாதுன்னு சொல்றதுன்னு கட்டு போட்டாங்க. கட்டு போட்டா போட்டதுதான்."

"அந்தக் கேமரா போட்டோதாண்ணாத்த ஞானதாஸோட கழுத்துல மாட்டிகினு கீது" என்றார் பெஞ்சமின். "நீங்க நல்லதுதான் செஞ்சீங்க. அந்த நல்லதுல ஒருத்தன் வேலை போவுது. இன்னைக்கு நாலு மணிக்கு."

"யாரு, அந்தக் கண்ணாடி டிரைவரா?" பக்தவச்சலம் முதல்முறையாக நிமிர்ந்தார். "அவர் மேலயா போட்டானுங்க? கூடைய ஏத்தாதேன்னு எல்லா வண்டிலயும் வெரட்டுவான். அந்தாளுதான் என்ஜின் பக்கத்துல எடம் விட்டு வெப்பாரு. எறங்கறப்ப சீட்ட வுட்டு எழுந்து வந்து கூடைய எறக்கிக் குடுப்பாராம். அவ சொல்லுவா." வலையை மடியில் இழுத்துக்கொண்டார். "அன்னிக்கும் எறக்கிக் குடுத்திருப்பாரு."

பெஞ்சமின் கடலைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

"எனுக்குத் தெரியாது. ஊரு கட்ட நான் மீற முடியாது" என்றார் பக்தவச்சலம். "என்னை வந்து கம்பத்தப் பத்திச் சொல்லுன்னாதீங்க."

"கம்பத்தப் பத்தி ஒரு வார்த்தை வேணாம்" என்றாள் லதா. "அக்கா மாடி ஏறி வாங்கிட்டு வந்த பதிலுங்க எங்க?"

பக்தவச்சலம் எழுந்து வீட்டுக்குள் போனார். ரேஷன் கார்டு வைக்கும் பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உள்ளே ஒன்பது தாள்கள், மடிப்புக் கலையாமல். ஆதியம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் ஒரு பென்சில் கோடு போட்டிருந்தாள். முதல் தாளில் ஒரு கோடு, கடைசித் தாளில் ஒன்பது.

நான்கு மணிக்குச் சரியாக விசாரணை தொடங்கவில்லை. நாலே முக்காலுக்குத் தொடங்கியது. விசாரிப்பவர் ஆணையத்தின் துணை மேலாளர் பார்த்திபன், எதிரே இஸ்திரி போட்ட காக்கியில் ஞானதாஸ். சட்டை கடைசியாக ஒருமுறை டூட்டிக்கு வந்திருந்தது.

"புகைப்படம் பேசுது. நிறுத்தம் 48/6. நீங்க நிறுத்தினது 48/2. இருபத்தொன்பது வருஷ சர்வீஸ்ல இது தெரியாதா?" என்றார் பார்த்திபன். "எழுதிக்கலாமா?"

"ஒரு நிமிஷம் சார்" என்றாள் லதா. கடைசித் தாளை மேஜையில் வைத்தாள். "ஆறு வாரத்துக்கு முன்னால ஆணையம் பொதுமக்கள்ல ஒருத்தருக்குக் குடுத்த பதில். ரெண்டாவது வரிய மட்டும் சத்தமாப் படிங்க."

பார்த்திபன் கண்ணாடியைப் போட்டார். "'தற்போது 48/2 கல்லருகே வளைவில் அமைந்துள்ள தங்கள் ஊர் நிறுத்தக் கம்பத்தை 48/6 கல்லருகே மாற்றி அமைக்கக் கோரும் தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது...'" குரல் வரி முடியும் முன்பே இறங்கிவிட்டது.

"கீழ கையெழுத்து யாருது சார்?"

பார்த்திபன் கையெழுத்தை உற்றுப் பார்த்தார். அவருடையதுதான். ஒரு நாளைக்கு நானூறு கையெழுத்துப் போடுகிற மனிதன் தன் கையெழுத்தை அந்நியன்போலச் சந்திக்கிற நேரங்கள் உண்டு.

"கம்பம் வளைவுல இருந்ததுன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அங்கதான் இவரு நிறுத்தினாரு. குற்றச்சாட்டு எங்க சார்?"

ஞானதாஸ் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு பார்த்திபன் தலையை ஆட்டினார். "பணியிடை நீக்கம் ரத்து." பேனாவை மூடவில்லை. "ஆனா இப்போ கம்பம் 48/6-ல நிக்குது. யாரோ அரசுச் சொத்த நகர்த்தியிருக்காங்க. அது யாரு?"

லதாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பெஞ்சமின்தான் முன்னே வந்தார்.

"காலைல அஞ்சு மாடியும் ஏறிக் கேட்டுட்டேன் சார். சாலை மாத்தல. நிலம் மாத்தல. பேருந்து மாத்தல. குறியீடு எட்டு வருஷமா எதையும் மாத்தல. ஒம்போது கையெழுத்து இல்லாம ஒரு கம்பமும் நகராதுன்றாங்க. அப்போ அது நகரவே இல்ல. சட்டப்படி."

அது ஆணையத்தின் தர்க்கம். ஆணையத்தால் அதை மறுக்க முடியவில்லை. பார்த்திபன் வெகுநேரம் யோசித்தார். அவர் முகத்தில் நிம்மதி பரவியது. ஒரு கோப்பு மூடப்போகிற நிம்மதி.

"எழுதிக்குங்க" என்றார் எழுத்தரிடம். "மேற்படி கம்பம் நகர்த்தப்படவில்லை. எனவே அது 48/2 கல்லருகே உள்ளது. அவ்வாறு இருப்பதைக் குறியீட்டுப் பிரிவு நாளைக்குள் நேரில் உறுதி செய்யவும்."

லதாவின் வாய் திறந்து, மூடியது. வழக்கில் அவள் ஜெயித்திருந்தாள். பெஞ்சமின் அவளை அப்படி ஒருமுறையும் பார்த்ததில்லை.

"சார், அந்த வளைவுலதான் அந்தம்மா..." என்று தொடங்கினாள்.

"அதுக்கு மனு குடுக்கச் சொல்லுங்க" என்றார் பார்த்திபன், நிஜமான அன்போடு. "பரிசீலிக்கிறோம்."

ஒன்பது வருஷம் நகராத ஆணையம் பத்தொன்பது மணி நேரத்தில் ஜீப்பில் வந்தது. தெருவிளக்கின் கீழிருந்த கம்பத்தைப் பிடுங்க நான்கு பேருக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று, வலை விடவில்லை. கடைசியில் அறுத்தார்கள். வளைவில், பூந்தொட்டியைத் தள்ளிவைத்து, இரண்டு சட்டி சிமென்ட் கொட்டி நட்டார்கள். சாயங்காலத்துக்குள் கம்பம் இடப்பக்கம் சாய்ந்து, அரசாங்கக் கம்பமாகிவிட்டது. பக்தவச்சலம் சாலையின் எதிர்ப்பக்கம் நின்று கடைசி வரை பார்த்தார். "ஒரு வழியா வந்துட்டானுங்க" என்று மட்டும் சொன்னார்.

திங்கட்கிழமை ஐந்து நாற்பது வண்டியில், மாமல்லபுரத்தில் பெஞ்சமின் ஏறினார். ஸ்டியரிங்கில் ஞானதாஸ். என்ஜின் பக்கத்தில் ஒரு மீன்கூடை. அதன் சொந்தக்காரி ரஞ்சிதா, படிக்கட்டை ஒட்டி நின்றிருந்தாள்.

"டிக்கெட் எடுத்தியாடா?" என்றார் ஞானதாஸ், கண்ணாடியில் பார்த்து.

"உன் மூஞ்சிக்கு டிக்கெட் வேறயா."

48/6 கல் வந்தது. தெருவிளக்கு எரிந்தது. கம்பம் இல்லை. கம்பம் இருந்த குழி திறந்து கிடந்தது. சிப்பியும் அறுந்த நீல வலையும் வெளியே துருத்திக்கொண்டிருந்தன. அந்தக் குழியைச் சுற்றி, பஸ் ஏற, குப்பத்து ஜனம் வரிசையாக நின்றது. யாரும் கை காட்டவில்லை. ஞானதாஸின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவ்வளவுதான்.

பிரேக் விழுந்தது.

தற்காலிகக் கண்டக்டர் ஓடி வந்தான். "அண்ணே, இங்க நிறுத்தம் இல்லண்ணே. வளைவுலதான கம்பம். மறுபடியும் மாட்டுவீங்க."

ஞானதாஸ் சீட்டை விட்டு எழுந்தார்.

"உன் மெஷின்ல ஊரு பேரு கீதா?" என்றார் பெஞ்சமின் கண்டக்டரிடம்.

"கீது."

"எடம் கீதா?"

"இல்ல."

"அப்போ மூடிக்கினு டிக்கெட்டக் கிழி."

ஞானதாஸ் கூடையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு படி இறங்கி, விளக்கு வெளிச்சத்தில் ரஞ்சிதாவின் தலையில் வைத்தார். அவள் தடுப்பைத் தாண்டிச் சாலையைக் கடந்து முடிக்கும் வரை அங்கேயே நின்றார். பிறகு வந்து கியர் போட்டார். நானூறு மீட்டர் தள்ளி, வளைவில், சாய்ந்த கம்பம் யாருமில்லாமல் நின்றது. வண்டி அதைத் தாண்டிப் போனது.

நிறுத்தம் இல்லாத இடத்தில் பேருந்தை நிறுத்திப் பயணியை இறக்கினார் என்பது குற்றச்சாட்டு. இருபத்தொன்பது வருஷ சர்வீஸில் ஞானதாஸ் அந்தக் குற்றத்தைச் செய்தது அன்றைக்குத்தான். ஆணையம் புதிதாக எதுவும் எழுத வேண்டியதில்லை. பழைய தாளில் தேதியை மட்டும் திருத்திக்கொள்ளலாம்.